ஜார் மெழுகுவத்திக்கு எந்த சோயா மெழுகு? நம் ஊர் வெயிலில் வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மே மாதம், சென்னையிலிருந்து மதுரைக்கு 24 மெழுகுவத்தி பார்சலில் அனுப்பினேன். சித்தி பெண்ணின் வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பதற்காக. பெட்டியைப் பிரித்த சித்தி போனில் கேட்டார், "ஏண்டி, இது மெழுகா நெய்யா?" மூடியெல்லாம் பிசுபிசுவென்று எண்ணெய். பாதி ஜாரில் திரி சாய்ந்து கிடந்தது. ஊற்றிய முறையில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் அளந்துதான் செய்திருந்தேன். மெழுகுதான் இந்த ஊருக்கு ஒத்துவராத மெழுகு.

அது என் இரண்டாவது சறுக்கல். முதல் சறுக்கலில் தூண் மெழுகுவத்திக்கான மெழுகை ஜாருக்கென்று 5 கிலோ வாங்கியிருந்தேன். மூன்றாவது மெழுகில்தான் சரியாக வந்தது. அதற்குள் சுமார் ஆறாயிரம் ரூபாயும் நான்கு மாதமும் போய்விட்டன. அந்தப் பணமும் நேரமும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கீழே வரும் வெப்ப அளவெல்லாம் செல்சியஸ்.

1. முதலில் வீட்டுச் சூட்டை அளந்துகொள்ளுங்கள்

எல்லோரும் வாசனையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நம் ஊரில் முதலில் பார்க்க வேண்டிய எண் மெழுகின் உருகுநிலை. மேல்பகுதி வழவழப்பு, வாசனை எவ்வளவு பிடிக்கும், நிறம் எல்லாம் அப்புறம்.

முந்நூறு நானூறு ரூபாய்க்கு, கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. மெழுகு உருக்க எப்படியும் அது வேண்டும். வாங்கியதும் முதல் வேலையாக, மெழுகுவத்தியை வைக்கப்போகும் அலமாரியில் மத்தியானம் மூன்று மணிக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். எங்கள் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. மே மாதத்தில் அலமாரிக்குள் 37 காட்டியது. தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இது நாலைந்து டிகிரி குறைவாக இருக்கலாம்.

சோயா மெழுகு ஒரே புள்ளியில் சட்டென்று உருகுவதில்லை. உருகுநிலைக்குப் பல டிகிரி முன்பிருந்தே இளகத் தொடங்கும், உள்ளே பிடித்து வைத்திருந்த வாசனை எண்ணெயைக் கக்கும். "வேர்க்கிறது" என்று சொல்வது இதைத்தான். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு: வீட்டின் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 12 டிகிரியாவது உருகுநிலை அதிகமாக இருக்க வேண்டும். 37 என்றால் 49, அதற்குக் கீழே வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்கள் அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

பார்சலில் அனுப்புவதாக இருந்தால் வீட்டுச் சூடு மட்டும் போதாது. வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அந்தச் சூட்டை எந்த ஜார் மெழுகும் முழுதாகத் தாங்காது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை நான் வெளியூருக்கு அனுப்புவதே இல்லை.

2. ஜார் மெழுகா, தூண் மெழுகா என்று கேளுங்கள்

சோயா எண்ணெய் சாதாரணமாகத் திரவம். அதில் ஹைட்ரஜன் ஏற்றினால் கெட்டியாகிறது. நம் வீட்டில் டால்டா என்று சொல்லும் வனஸ்பதிக்கும் இதுதான் வழி, சோயா மெழுகு அதற்கு அண்ணன் முறை. முழுக்க ஹைட்ரஜன் ஏற்றிய சோயா எண்ணெய் 70 டிகிரியை ஒட்டித்தான் உருகும், கல் மாதிரி இருக்கும், உடைத்தால் பொடியும். குறைவாக ஏற்றினால் வெண்ணெய் மாதிரி இளக்கமாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துகிறார்கள், என்ன சேர்க்கிறார்கள் என்பதில்தான் ஒரு மெழுகு இன்னொன்றிலிருந்து மாறுபடுகிறது. ஆகவே "சோயா வேக்ஸ்" என்ற பெயர் மட்டும் தெரிந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். "எண்ணெய்" என்று மட்டும் கேட்டு மளிகைக் கடையில் நிற்பது போல.

ஜாருக்கான மெழுகு இளக்கமானது. கண்ணாடிச் சுவரை ஒட்டிக்கொண்டே ஆறும். அச்சிலிருந்து உருவி எடுக்கும் தூண் மெழுகுவத்திக்கான மெழுகு கெட்டியானது, ஆறும்போது சுருங்கும். அப்படிச் சுருங்கினால்தான் அச்சிலிருந்து கழன்று வரும். அதையே ஜாரில் ஊற்றினால் சுவரைவிட்டு விலகி நிற்கும், நடுவில் பிளக்கும். என் முதல் 5 கிலோவுக்கு இதுதான் நடந்தது. உருகுநிலை அதிகம் என்று பார்த்ததும் "நம் வெயிலுக்கு நல்லது" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்கிவிட்டேன். கடைக்காரர் ஏமாற்றவில்லை. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது கன்டெய்னர் வேக்ஸா, பில்லர் வேக்ஸா?" இரண்டுக்கும் ஆகும் என்று பதில் வந்தால் அந்தக் கடையில் வேண்டாம்.

3. பெயரையும் எண்ணையும் எப்படிப் படிப்பது

இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் பெயர் 464. கோல்டன் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க வகை அது. கிட்டத்தட்ட எல்லா இணைய வகுப்புகளும் அதை வைத்தே சொல்லித்தருகின்றன. நல்ல மெழுகு, வாசனை நன்றாகப் பிடிக்கும், மேல்பகுதி வெண்ணெய் தடவியது போல வரும். ஆனால் அதன் உருகுநிலை சுமார் 46 முதல் 48 வரை. மதுரைக்குப் போய் நெய்யானது இதே ரகம்தான். குளிர்ந்த ஊர்க்காரர்களின் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் நமக்கு இந்த இடத்தில்தான் அடி விழுகிறது.

அதே குடும்பத்தில் 444 என்று ஒன்று உண்டு. உருகுநிலை சுமார் 49 முதல் 52 வரை. வெப்பமான இடங்களை மனதில் வைத்தே செய்தது. மூன்று டிகிரிதானே என்று தோன்றும். சித்திரை வெயிலில் அந்த மூன்று டிகிரிதான் மெழுகுக்கும் நெய்க்கும் உள்ள வித்தியாசம். 415 என்பது வேறு எதுவும் சேர்க்காத சுத்த சோயா. சுத்தம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆறியபின் மேலே வெள்ளையாகப் பூப்பது அதில் மிக அதிகம், புதியவர்களுக்கு ஒத்துவராது. கார்கில் நிறுவனத்தின் நேச்சர்வேக்ஸ் சி-3 இன்னொன்று. உருகுநிலை 50க்கு மேல், மேல்பகுதி வழவழப்பாக வரும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 464 என்பது இப்போது ஒரு ரகப் பெயர் போலவே ஆகிவிட்டது. "464 மாதிரி", "464 குவாலிட்டி" என்று சொல்லி வேறு ஏதோ ஒன்றைக் கட்டித் தருவதும் உண்டு. அது மோசமாகத்தான் இருக்கும் என்பதில்லை. ஆனால் 464க்கு எழுதிய வெப்ப அளவுகள் அதற்குப் பொருந்தாது.

பெயர் இல்லாமல் வெறும் "சோயா ஃப்ளேக்ஸ்" (செதில் செதிலான மெழுகு) என்று விற்பவற்றில் பாமாயில் மெழுகோ, பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபினோ கலந்திருக்கலாம். கலப்பு என்றாலே தப்பு என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் பாரஃபின் கலந்தால் வாசனை நன்றாகவே பரவும், கண்ணாடியில் ஒட்டுவதும் நன்றாக இருக்கும். கலப்பை "100 சதவீதம் சோயா" என்று சொல்லி விற்பதுதான் தப்பு. நீங்களும் அதையே நம்பி உங்கள் லேபிளில் அச்சடித்துவிடுவீர்கள்.

தேங்காய் மெழுகு கலந்தது இப்போது நாகரிகமாக இருக்கிறது. பார்க்க அழகாக, பால்கோவா மாதிரி இருக்கும். ஆனால் தேங்காயின் பங்கு ஏற ஏற மெழுகு இளகும். ஏசி அறையை விட்டு வெளியே எடுக்காதவர்களுக்குச் சரி.

வாங்கிய மெழுகு இளக்கமாக அமைந்துவிட்டால் தேன்மெழுகு கொஞ்சம் சேர்த்துக் கெட்டியாக்கலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். நூறு கிராமுக்கு ஐந்து கிராமில் தொடங்கிப் பாருங்கள். அதற்கென்று ஒரு வாசனை உண்டு, மல்லிகையை அமுக்கிவிடும். அதோடு திரியையும் மறுபடி சோதிக்க வேண்டிவரும்.

4. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

சில்லறைக் கடையில் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பச் சொன்னால் உண்மையான வியாபாரி அரை மணியில் அனுப்பிவிடுவார்.

மெழுகுக்கு முதலில் வேண்டியது தொழில்நுட்பத் தாள். டிடிஎஸ் என்று கேளுங்கள். உருகுநிலை, வாசனை எண்ணெய் அதிகபட்சம் எத்தனை சதவீதம், எந்தச் சூட்டில் ஊற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். அடுத்தது பாதுகாப்புத் தாள், எஸ்டிஎஸ். மூட்டைக் கணக்கில் வாங்கும்போது மட்டும் அந்த பேட்ச்சுக்கான ஆய்வுச் சான்றிதழையும் கேளுங்கள். சோயா விளைபொருள், மூட்டைக்கு மூட்டை கொஞ்சம் மாறத்தான் செய்யும். பில்லில் பேட்ச் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டால் பின்னால் உதவும்.

வாசனை எண்ணெய்க்கு இஃப்ரா (சர்வதேச வாசனைப் பொருள் சங்கம்) சான்றிதழ் கேளுங்கள். அதில் 12ஆம் வகை என்ற வரியைப் பாருங்கள், மெழுகுவத்தி அதில்தான் வரும். சோப்புக்கும் சருமத்துக்கும் உள்ள வரியில் இருக்கும் குறைந்த அளவைப் பார்த்துவிட்டுப் பயந்தவர்கள் உண்டு.

ஊதுபத்திக்கு விற்கும் வாசனையை மெழுகில் ஊற்றாதீர்கள். மலிவாகக் கிடைக்கும், மூடியைத் திறந்தால் தூக்கலாக மணக்கும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் நீர்ப்பதற்காக வேறு திரவம் சேர்த்திருக்கும், மெழுகில் சேராமல் அடியில் தங்கிவிடும். டிஃப்யூசர் எண்ணெய்க்கும் இதே கதை. பாயசத்துக்குப் போடும் ரோஸ் எசன்ஸைப் போடவே கூடாது. தண்ணீர் கலந்தது என்றால் திரி படபடவென்று வெடிக்கும்.

5. ஒரு கிலோ வாங்குங்கள், ஒரே ஒரு கிலோ

மூன்று வெவ்வேறு மெழுகை ஒவ்வொரு கிலோவாக வாங்குவது, ஒரே மெழுகை 10 கிலோ வாங்குவதைவிட லாபம். நான் வாங்கும்போது உள்ளூர்ப் பெயரில் வந்தவை கிலோ 350 ரூபாய்க்கும், வெளிநாட்டுப் பெயர் போட்டவை 500 ரூபாய்க்கு மேலும் இருந்தன. மொத்தமாக எடுத்தால் குறையும். விலையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, அனுப்பும் செலவு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு கிலோவுக்கு 120 ரூபாய் கூரியர் என்றால் மலிவு விலை என்பதெல்லாம் அங்கேயே போயிற்று. சென்னையில் இருந்தால் பாரிமுனைப் பக்கம் நேரில் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கலாம்.

இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 180 கிராம் பிடிக்கும் ஜாரில் மெழுகு 167 கிராம், வாசனை எண்ணெய் 13 கிராம். கிலோ 450 ரூபாய் மெழுகு என்றால் மெழுகுக்கு 75 ரூபாய். கிலோ 2,500 ரூபாய் எண்ணெய் என்றால் 33 ரூபாய். திரிக்கு 4, மூடியோடு ஜாருக்கு 70, லேபிளும் அட்டைப் பெட்டியும் 30. மொத்தம் 212 ரூபாய். இப்போது கிலோ 350 ரூபாய் மெழுகுக்கும் 500 ரூபாய் மெழுகுக்கும் ஒரு ஜாரில் வரும் வித்தியாசம் 25 ரூபாய்தான். ஒரு ஜார் பழுதானால் 212 ரூபாய் போகிறது. மெழுகில் மிச்சம் பிடிப்பது எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

வாங்குவதற்கு நல்ல காலம் மார்கழியும் தையும். வெயில் காலத்தில் வரவழைத்தால் ஃப்ளேக்ஸ் எல்லாம் ஒரே பாறையாகக் கட்டிக்கொண்டு வரும். கெட்டுப்போகவில்லை, உருக்கினால் சரியாகிவிடும். ஆனால் அரிவாள்மனையில் மெழுகை வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு தண்டனை. பையைத் திறந்தபின் காற்றுப் புகாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள்.

6. வந்த மெழுகை வீட்டிலேயே சோதியுங்கள்

வாசனை சேர்க்காமல், 100 கிராம் மெழுகை மட்டும் உருக்கி 75 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, தெர்மாமீட்டரை நடுவில் நிறுத்தி, ஃபேனை அணைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துக்கொண்டே வாருங்கள். முதலில் தெளிவாக இருந்தது கலங்கும். அப்புறம் ஓரத்தில் ஆடை கட்டும். கெட்டியாகும் நேரத்தில் சூடு இறங்குவது மந்தப்படும், சில மெழுகில் கொஞ்ச நேரம் நின்றே விடும். அந்த இடம் டிடிஎஸ்ஸில் போட்டிருக்கும் உருகுநிலையை ஒட்டி, அல்லது அதற்குச் சில டிகிரி கீழே இருந்தால் சரி. 50 என்று எழுதிவிட்டு 40 வரை கஞ்சி மாதிரியே கிடந்தால் அந்தப் பையில் இருப்பது வேறு சரக்கு.

ஆறிய டம்ளரையும் பாருங்கள். நல்ல ஜார் சோயா பால் நிறத்தில், ஒளி ஊடுருவாமல் இருக்கும். நகத்தால் கீறினால் வெண்ணெய் மாதிரி வழித்து வரும். கண்ணாடி போல ஓரம் மின்னி, சில்லு சில்லாக உடைந்தால் பாரஃபின் அதிகம் என்று சந்தேகப்படலாம். இது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல.

அடுத்தது வெயில் சோதனை. வாசனை சேர்த்து முழுசாகச் செய்த ஒரு ஜாரை அட்டைப் பெட்டிக்குள் தெர்மாமீட்டரோடு வைத்து, நிறுத்திவைத்த காருக்குள் மத்தியானம் மூன்று மணி நேரம் விடுங்கள். கார் இல்லாவிட்டால் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டு அறை போதும். வெளியே எடுத்ததும் மேலே விரலை வைத்துப் பாருங்கள். விரலில் லேசாகப் பிசுக்கு ஒட்டினால் வாசனையின் அளவை ஒரு சதவீதம் குறைத்துப் பார்க்கலாம். பெட்டிக்குள் 50ஐத் தாண்டாமலே எண்ணெய்த் துளி நின்றால் மெழுகை மாற்றுங்கள். இந்த ஒரு சோதனையை முன்பே செய்திருந்தால் சித்தியிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

7. உருக்குவதும் ஊற்றுவதும்

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் மூக்கு வைத்த கூஜாவை நிறுத்தி உருக்குங்கள். அடுப்பை விட்டு நகராதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். தட்டு மூடி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

464 மாதிரி மெழுகுக்கு 85 டிகிரி வரை சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே வாசனை எண்ணெயை ஊற்றி, இரண்டு நிமிடம் மெதுவாகக் கிளற வேண்டும். பிறகு 57 டிகிரி வரை ஆறவிட்டு ஜாரில் ஊற்றுவது. உங்கள் மெழுகின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. "இந்த எண்ணெயின் ஃபிளாஷ் பாயின்ட் 70, 85இல் போட்டால் வாசனை பறந்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். ஃபிளாஷ் பாயின்ட் என்பது அந்த எண்ணெயின் ஆவி நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும் சூடு. வாசனை பறக்கும் சூடு அல்ல. கிட்டத்தில் தீச்சுடர் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எண்ணெய் ஊற்றுமுன் அடுப்பை அணைத்துவிடுங்கள். 95ஐத் தாண்டிச் சூடாக்கினால் மெழுகு மஞ்சளடிக்கும்.

வாசனை எவ்வளவு? எட்டு சதவீதம் என்றால் 1,000 கிராம் மெழுகுக்கு 80 கிராம். மில்லியில் அளக்காதீர்கள், தராசில் நிறுங்கள். ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். தாள் 10 சதவீதம் வரை அனுமதித்தாலும் 6 அல்லது 7இல் ஆரம்பியுங்கள். நம் சூட்டில் அதிகம் போட்ட எண்ணெய்தான் முதலில் வெளியே வரும்.

ஒரு ஜாருக்கு எவ்வளவு மெழுகு என்று தெரிய, ஊற்றப்போகும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பாருங்கள். அதை 0.86ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். அப்புறம் ஜாரை நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் அடியில் இருந்தாலும் எரியும்போது தொல்லை.

ஜாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிரட்டையில் ஊற்றினால் அழகாக இருக்கிறது, எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். சிரட்டையே எரியும் பொருள். நான் செய்வதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை. பூச்சு இல்லாத மண் கிண்ணம் மெழுகை உறிஞ்சி மேஜையில் கசியவிடும், அகல்விளக்கில் எண்ணெய் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடு தாங்கும் கனமான கண்ணாடியோ தகர டப்பாவோ போதும்.

ஊற்றியபின் 24 மணி நேரம் தொடாதீர்கள், ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள். அப்புறம் மூடி போட்டு இரண்டு வாரம் அலமாரியில் வையுங்கள். சோயா மெழுகு மெதுவாகத்தான் இறுகும், வாசனையும் அதோடுதான் பிடிக்கும். ஊறுகாய் ஊறுவது போலத்தான், மறுநாளே ஏற்றிவிட்டு "வாசனையே இல்லை" என்று மெழுகைத் திட்டக் கூடாது. நான் திட்டியிருக்கிறேன்.

8. மெழுகு மாறினால் திரியும் மாறும்

எந்த மெழுகு நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் பாதிதான், மீதிப் பாதி திரியில் இருக்கிறது. ஒரே ஜார், ஒரே வாசனை, மெழுகை மட்டும் 464இலிருந்து 444க்கு மாற்றினாலும் பழைய திரி சரிப்படாமல் போகலாம். கெட்டி மெழுகுக்குச் சற்றுப் பெரிய திரி வேண்டும். ஆகவே திரியைப் பத்துப் பத்தாக, மூன்று அளவுகளில் வாங்குங்கள்.

சோதனை இப்படி. திரியை 6 மில்லிமீட்டருக்கு வெட்டி ஏற்றுங்கள். மூன்றிலிருந்து நான்கு மணி நேரத்தில் உருகிய மெழுகு ஜாரின் சுவர் வரை பரவ வேண்டும், ஆழம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரம் அப்படியே நின்றால் திரி சிறிது. சுடர் குதித்து, புகை விட்டு, ஜாரைத் தொட முடியாமல் சுட்டால் திரி பெரிது. நான்கு மணி நேரம் ஆனதும் அணைத்து, நன்றாக ஆறவிட்டு, மறுபடி வெட்டி ஏற்றுங்கள். ஜார் தீரும்வரை இப்படியே. அடியில் ஒன்றேகால் சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். ஒரு ஜாருக்கு ஒரு வாரம் பிடிக்கும். முதல் தடவை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள், கீழே போகப்போக ஜாருக்குள் சூடு கூடும்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் காற்றில்லாத அறையில் சோதிக்கச் சொல்கின்றன, அது சரியும்கூட. ஆனால் நம் வீட்டில் ஃபேனோ ஏசியோ இல்லாமல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அதனால் நான் இரண்டு முறை சோதிக்கிறேன். ஒன்று ஃபேனை அணைத்துவிட்டு, சாதாரண அறையில். இன்னொன்று ஏசி போட்ட அறையில், 24 டிகிரியில். முதல் அறையில் அழகாகப் பரவிய மெழுகு ஏசி அறையில் குழி விழும். இரண்டிலும் தேறும் திரிதான் தேறிய திரி. ஃபேனுக்கு நேர் கீழே ஏற்ற வேண்டாம் என்று லேபிளில் எழுதிவிடுங்கள்.

சோயா புகையே விடாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். திரி பெரிதாக இருந்தால் அதுவும் புகைவிடும்.

9. பழுது எது, சுபாவம் எது

மேலே வெள்ளையாகப் பூத்தது போல வருவது பழுது இல்லை. சோயா மெழுகு படிகமாக இறுகும் சுபாவம் அது. சூடு ஏறி இறங்கும் இடத்தில் அதிகமாகும். நிறம் சேர்க்காமல் விட்டால் கண்ணுக்கே தெரியாது. எனக்கு இதுதான் சுலபமான வைத்தியம். கண்ணாடியில் அங்கங்கே ஈரம் பட்டது போலத் திட்டுத் தெரிவது மெழுகு சுவரைவிட்டு விலகிய இடம். எரிவதில் குறை வராது. ஊற்றுமுன் ஜாரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கினால் குறையும், முழுக்கப் போகாது. வெனிலா கலந்த வாசனை போட்டால் மெழுகு நாளாக ஆகப் பழுப்பேறும், அது வெனிலாவில் இருக்கும் வெனிலின் என்ற பொருளின் வேலை.

திரியைச் சுற்றிப் பள்ளமோ பொந்தோ விழுவது மட்டும் கவனிக்க வேண்டியது. மிகச் சூடாக ஊற்றினாலும், வேகமாக ஆறினாலும் வரும். ஹேர் டிரையரை மேலே காட்டி உருக்கிச் சமன் செய்யலாம். எல்லா ஜாரிலும் வந்தால் ஊற்றும் சூட்டை மூன்று மூன்று டிகிரியாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மெழுகு, வாசனை, திரி மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது காரணம் என்று தெரியாமல் நான் விழித்த நாட்கள் உண்டு. ஒரு நோட்டில் தேதி, பேட்ச், ஊற்றிய சூடு, அறைச் சூடு, திரி அளவு எழுதி, அதே எண்ணை ஜாரின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

10. விற்க நினைப்பவர்களுக்கு மட்டும்

உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இலவசம், இணையத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்து நீங்களே செய்யலாம். யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கினால் விதி வேறு, ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண் மெழுகுவத்திக்கு 3406. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கிறது. பெட்டியில் செய்தவர் பெயர், முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச விலை, செய்த மாதம் வருடம், புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் இத்தனையும் இருக்க வேண்டும். நிகர எடை என்பது மெழுகும் எண்ணெயும் மட்டும், கண்ணாடியைச் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தீபாவளிக்கு விற்பதாக இருந்தால் ஆடி பிறந்ததுமே மெழுகு கையில் இருக்க வேண்டும். மூன்று மெழுகைச் சோதிக்க ஒரு மாதம், தேறியதற்குத் திரி பார்க்க மூன்று வாரம், விற்பதற்கு ஊற்றியபின் இறுக இரண்டு வாரம், பார்சல் போய்ச் சேர ஒரு வாரம். தீபாவளி அக்டோபர் நடுவிலேயே வரும் வருடங்களில் இதில் இரண்டு மூன்று வாரம் தவறினாலும் கார்த்திகைக்குத்தான் விற்க வேண்டிவரும். தேறிய மெழுகை மொத்தமாக வாங்கும்போது சோதித்த அதே பேட்ச் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் புது மூட்டையிலிருந்து ஒரே ஒரு ஜார் ஊற்றி, காருக்குள் ஒரு மத்தியானம் வைத்துப் பார்த்துவிட்டு மீதியை உருக்குங்கள்.